பலகை டாக்டரம்மா

வெயில் தொடங்கிய நாட்களில் என் மகளின் குடல்வால் ஒரு முறை வீங்கி, ஊசி மருந்துக்கு அடங்கியது. சுற்றிலும் கட்டி போலத் திரண்டிருப்பதால் உடனே வெட்டுவது சரியல்ல, ஆறு வாரம் ஆறவிட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்குள் மறுபடி வலி வந்தால் வெடிக்கவும் கூடும் என்பதை, காபி ஆறிவிடப் போகிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்கள். வீடு திரும்பும் ஆட்டோவில் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டு நாள்.

அந்த மருத்துவமனை அவசரம் என்பதால் என் மத்திய அரசு மருத்துவ அட்டையை ஏற்றுக்கொண்டது. நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு அங்கே அட்டை செல்லாது. பெரிய அரசு மருத்துவமனையில் கேட்டபோது தீபாவளி கழிந்து ஒரு தேதி தந்தார்கள். அதுவரை அந்தக் குடல்வாலை யார் காவல் காப்பது? ஆக, ஆறு வாரத்துக்குள், எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து போய்வரும் தூரத்தில், அட்டையை ஏற்கும் ஒரு பொது அறுவை சிகிச்சை நிபுணரை நான் கண்டுபிடிக்க வேண்டும். கணவருக்கு வங்கி வேலை, குவாஹாட்டியில். தினமும் காலையில் கூப்பிட்டு "கிடைச்சாரா?" என்று கேட்பார். காணாமல் போனவரைத் தேடுவது போல இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வலி வந்த சனிக்கிழமை காலையில் அவள் தொப்புளைச் சுற்றித்தான் வலி என்றாள். முந்தின நாள் கல்லூரி வாசலில் கோல்கப்பா சாப்பிட்டிருந்தாள். தில்லி வெயில் வேறு. சூட்டு வலி என்று நானே முடிவு செய்து, விளக்கெண்ணெயைத் தொப்புளில் விட்டுச் சுற்றிலும் தடவிப் படுக்க வைத்தேன். எங்கள் மதுரைப் பக்கம் எந்த வயிற்று வலிக்கும் முதலில் செய்வது அதுதான். மாலையில் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். நான் வெற்றி பெற்றவள் போல மோர் கரைத்துக் கொடுத்தேன். ஞாயிறு மதியம் காய்ச்சல் வந்து, வலி வலப்பக்கம் இறங்கி, அவளால் காலை நீட்ட முடியவில்லை. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வயிற்றை அழுத்திக் கையை எடுத்ததும் அவள் அலறினாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். எண்ணெய் என்றேன். குடிக்கவா என்றார். தொப்புளில் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு தவறு தாளில் ஏறிவிட்டால் அது அலுவலகத்தின் பொறுப்பாகிவிடும். ஏறாத தவறு நம்மிடமே இருந்துவிடுகிறது.

நான் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கோப்பு பார்க்கிறேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், நான் கோப்பு திறப்பேன். வீடு திரும்பிய மறுநாளே ஒரு உறை எடுத்து, உள்ளே பச்சை நோட் தாள்களைக் கோத்தேன். இப்போது எல்லாம் கணினிக்குப் போய்விட்டாலும், அந்தப் பச்சைத் தாள் ஒரு கட்டு என் மேஜை அறையில் உண்டு.

முதலில் அட்டைக்காரர்களுக்கான அரசு டிஸ்பென்சரி. அங்கே ஒரு தாளில் ‘பொது அறுவை சிகிச்சை ஆலோசனைக்கு’ என்று எழுதி வாங்க வேண்டும். வரிசையில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டல்களைப் பற்றிப் பேசுவது போல மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினார்கள். எங்கே அறை நன்றாக இருக்கிறது, எங்கே தயிர் புளிக்கிறது, எங்கே அட்டைக்காரர்களுக்கு ஜன்னலில்லாத அறை தருவார்கள். யாரைப் பற்றிய பேச்சானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பேனல் மே ஹை?" அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலில் உண்டா என்று பொருள். ஒருவர் தன் சம்பந்தியைப் பற்றிப் பேசும்போதுகூட அதே தொனியில் பேசினார். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது, யாரும் அவசரப்படவில்லை. அவசரப்பட்டவள் நான் ஒருத்திதான்.

பட்டியலை அச்செடுத்ததில் தடியாக ஒரு கட்டு வந்தது. அதைப் படிக்கப் படிக்க, பயத்தின் ஓரத்தில் ஓர் ஆர்வமும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த ஊரில் இத்தனை மருத்துவமனைகளா? சில கண்ணுக்கு மட்டும். சில பல்லுக்கு மட்டும். ஒன்று எலும்புக்கும் பிரசவத்துக்கும்; அந்தச் சேர்க்கை எப்படி வந்தது என்று அரை மணி நேரம் யோசித்தேன். தூரம் பார்த்துப் பச்சைத் தாளில் வரிசைப்படுத்தினேன். எதெல்லாம் நிறையப் பிரிவுகளுக்குப் பட்டியலிடப்பட்டிருந்ததோ அதையெல்லாம் மேலே வைத்தேன். கோல் மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்தில் சின்ன மருத்துவமனை ஒன்று இருந்தது. பொது அறுவை சிகிச்சை, பிரசவம், அவ்வளவுதான். அதன் எதிரே ‘பரிசீலிக்கத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யாருக்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை. கை தானாகப் போட்டது.

பிறகு தொலைபேசினேன். மதிய உணவு இடைவேளைகளில், அலுவலகத்து மாடிப்படியில் நின்றுகொண்டு. பதில் சொல்லும் பெண்கள் எல்லாரும் ஒரே பெண் போலப் பேசினார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"மேடம், ஹாஸ்பிடல் பேனல் மே ஹை. டாக்டர் சாப் நஹீ."

மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, மருத்துவர் இல்லை. அப்படியானால் என் மகளுக்கு யார் செய்வார்கள் என்று கேட்டேன். அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள் என்றாள். குரலில் கேலி இல்லை. அவளுக்கு அது கிழமை சொல்வது போல. நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் கட்டடங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டியலில் கட்டடங்கள்தான் இருந்தன. கத்தியைப் பிடிக்கப் போகிற கை யாருடையது என்பதற்கு அதில் ஒரு பத்தியே இல்லை.

அதன்பின் எந்தத் தில்லித் தமிழரும் செய்வதைச் செய்தேன். நம்ம ஊர்க்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தேன். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், தெற்கு தில்லியில் பெரிய மருத்துவமனையில் இருக்கும் தமிழ் சர்ஜன் ஒருவரைப் பற்றிச் சொன்னார். மகளை அழைத்துக்கொண்டு போனேன். அவர் நான் வாயைத் திறந்ததுமே மதுரையில் எந்தத் தெரு என்று கேட்டார். அவருக்கு மேலமாசி வீதியில் பெரியப்பா வீடு. ஜிகர்தண்டாவின் தரம் கெட்டுவிட்டது பற்றி இருவரும் ஒத்த கருத்தில் இருந்தோம். தில்லியில் நல்ல நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும் என்பதைத் தாளில் எழுதியே கொடுத்தார். அவர் அட்டையில் செய்வதில்லை. அதை மட்டும் கதவு வரை வந்து தணிந்த குரலில் சொன்னார். நான் நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மனம் லேசாக இருந்தது.

மெட்ரோவில் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசினதுல என் வயிறு எங்கே இருந்துச்சு?"

அவர் அவள் வயிற்றைத் தொடவே இல்லை. நான் எழுதிக்கொண்டு போன பதினோரு கேள்விகளும் பைக்குள்ளேயே இருந்தன.

"அச்சா அங்கிள்தான்," என்றாள் பிறகு, எனக்காக இரங்கி. "ஆனா ஊர் ஊர்னு பேசினா ஆபரேஷன் ஆயிடுமா?"

அவளுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஊர் என்றால் இதுதான்.

அப்போது பதினெட்டு நாட்கள் போயிருந்தன. அவள் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் கதவைத் தட்டுவேன். இருமினால் எழுந்து நிற்பேன். "பஸ் கரோ அம்மா," போதும் என்பாள். அவள் தோழிகளோடு சிரிக்கும்போது வயிற்றைப் பிடிக்கிறாளா என்று பார்ப்பேன். பிடித்தால் சிரிப்புக்கா வலிக்கா என்று கேட்பேன்.

எங்கள் வீட்டில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வருகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம். திருமணமாகி வந்ததிலிருந்து தில்லியில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள குடிசைப் பகுதியில் இருக்கிறார். அதை ‘லைன்’ என்பார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை வெறும் ‘மா’ என்பார். சாப்பாட்டு மேஜை முழுதும் என் தாள்கள் பரந்திருப்பதை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு காலை துடைப்பதற்கு இடம் கிடைக்காமல் நின்றார்.

"இன்னாமா இது, எலக்சன் லிஸ்ட்டா?"

சர்ஜன் தேடுகிறேன் என்றேன். எப்படித் தேடுகிறேன் என்றும் விளக்கினேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பேப்பர்ல கை தெரியுமா? வவுத்துல பாத்தாதான் தெரியும்."

சொல்லிவிட்டு, என் மகள் அறையில் இருக்கிறாளா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, சேலையை இடுப்பிலிருந்து கொஞ்சம் இறக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு மாதம் வராமல் இருந்தார் என்பது எனக்கு நினைவிருந்தது. அந்த ஒரு மாதத்தை நான் எப்படிச் சமாளித்தேன் என்பதும் நன்றாக நினைவிருந்தது. அவர் வயிற்றில் என்ன செய்தார்கள் என்று கேட்டதாக நினைவில்லை. மேல் வயிற்றில் அரிசி நீளத்துக்கு மூன்று கோடுகள். நான்காவது எங்கே என்று கேட்டார். தெரியவில்லை. தொப்புளை விரலால் விரித்துக் காட்டினார். உள்மடிப்பில், இருந்தும் இல்லாததுமாக, ஒரு வெள்ளை நூல்.

"உள்ளாறயே ஒளிச்சிட்டாங்க பாரு. ஞாயித்துக்கெழம எங்க லைனுக்கு வா. ஒனக்குக் காட்றேன்."

எதைக் காட்டுவார் என்று முழுதாகப் புரியாமலே போனேன்.

தண்ணீர் லாரி வந்துபோன பிறகான நேரம். குடங்கள் நிறைந்திருந்ததால் பெண்கள் சாவகாசமாக இருந்தார்கள். அக்கா என்னை ஒரு அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கூலர் சத்தத்துக்கு நடுவே மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். மேடத்தோட பொண்ணுக்கு வவுத்த திறக்கணுமாம், யாரு கை நல்ல கைன்னு பாக்க வந்திருக்காங்க என்று அக்கா அறிமுகம் செய்தார். அதில் யாருக்கும் வியப்பில்லை. அவர்களுக்குள் அது வழக்கமாம். ஒருத்திக்கு அறுவை சிகிச்சை என்றால், போவதற்கு முன் லைனில் ஏற்கெனவே செய்துகொண்டவர்களின் வயிற்றைப் போய்ப் பார்ப்பார்கள். இவர்களிடம் இருப்பது ஏழைகளுக்கான அட்டை, என்னிடம் இருப்பது ஊழியர் அட்டை. ஆனால் இரண்டையும் ஏற்கிற சின்ன மருத்துவமனைகள் அநேகமாக ஒன்றேதான்.

முதலில் ஒரு வயதான பெண், ஊரில் எப்போதோ குடல்வால் எடுத்த தழும்பைக் காட்டினார். வலப்பக்கம் சாய்வாக, ஒரு விரல் நீளம், மண்புழு படுத்திருப்பது போலத் தடித்திருந்தது. "இது ஊர் கை. கெட்டி. ஆனா அழகு கெடையாது," என்றார் அக்கா. அதே பெண்ணுக்குக் கீழே கு.க. ஆபரேஷன் கோடு ஒன்றும் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அது எல்லோருக்கும் இருப்பதாம். அடுத்தவள் இளம்பெண். தொப்புளில் குடலிறக்கம் வந்து செய்தது. மறுபடியும் உள்மடிப்பில் அதே வெள்ளை நூல். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கூச்சம் போய்விட்டிருந்தது. பக்கவாட்டில் உள்ள கோடுகளையும் கவனி என்றார் அக்கா. சில கைகள் கோட்டைத் தோலுக்குக் குறுக்கே போடும், அது பிறகு சுருங்கி இழுக்கும். இந்தக் கை தோல் மடிகிற போக்கிலேயே போடும். அக்காவின் வயிற்றையும் அந்தப் பெண்ணின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தேன். உண்மைதான். கையெழுத்தைப் பார்த்து இது எந்த அண்டர் செக்ரட்டரி என்று நான் சொல்லிவிடுவேன். இவர்கள் அப்படி வயிற்றைப் படிக்கிறார்கள்.

"ரெண்டும் பலகை டாக்டரம்மாதான்," என்றாள் மூன்றாமவள். சுவரில் சாய்ந்திருந்தவள்.

யார் அது என்று கேட்டேன். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாமவள் அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் அறையைத் துடைக்கிற வேலையில் இருக்கிறாள். டாக்டரம்மா குள்ளமாம். மேஜை எட்டாது. ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார், அதன் மேல் ஏறி நின்றுதான் செய்வார். வேறு யார் பலகை போட்டாலும் ஆடுகிறது என்பாராம்.

"நான்தான் போடுவேன். நாலு மூலையும் மிதிச்சுப் பாத்துட்டுத்தான் அவங்க ஏறுவாங்க."

எந்த மருத்துவமனை என்றேன். கோல் மார்க்கெட் தாண்டி, சந்துக்குள்ளே, என்றாள்.

நான் தலையாட்டினேன். என் கையெழுத்து அந்தப் பச்சைத் தாளில் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது கண்முன் வந்தது.

எழுந்திருக்கப் போகும்போது வயதான பெண் என்னைத் தடுத்தார். "எங்களுத எல்லாம் பாத்தியே, ஒன்னுத காட்டு."

நியாயம்தான். மகளுக்காகப் போட்ட சிசேரியன் தழும்பைப் பத்தொன்பது ஆண்டுகளில் மருத்துவர்கள் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. நானே பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. நான்கு பேரும் குனிந்தார்கள்.

"அவசரத்துல தைச்சிருக்காங்க," என்றார் அக்கா கடைசியில். "இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் எறங்கியிருக்கு."

அவசரம்தான். குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று ஓடினார்கள். அதை நான் அக்காவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. தழும்பு சொல்லியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மகளோடு அந்தச் சந்துக்குப் போனேன். கீழே மெத்தைக் கடை, மேலே மருத்துவமனை. உள்ளே இரண்டு ஜன்னல்கள், ஒன்று ரொக்கம், ஒன்று பேனல். பேனல் ஜன்னலில் இருந்தவர் டிஸ்பென்சரித் தாளைப் பார்த்தார். அதன் கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது. எந்த டாக்டர் என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியாது. வேறு வழியில்லாமல், பலகை மேல் நிற்பாரே, அவர், என்று இந்தியில் சொன்னேன். மகள் என் பின்னால் ஒளிந்தாள். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் எண்ணைப் போட்டு, "இரண்டாவது மாடி, வலது கை" என்றார்.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைமுடியைக் கிளிப்பில் சுருட்டிப் போட்டிருந்தார். நாற்காலியிலிருந்து கால் தரையில் படாததால், மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் பாதங்களை வைத்திருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கையை மெல்ல உயர்த்திவிட்டு மகளிடம் திரும்பினார். அவள் இந்தியில் சொன்னாள். எப்போது தொடங்கியது, எப்படி நகர்ந்தது, எந்த மாதிரி வலி என்று, தடையில்லாமல், கைகளை ஆட்டிக்கொண்டு. வலியைச் சொல்ல அவளுக்கு இத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. என்னிடம் தமிழில் அவள் சொன்னது ‘வலிக்குது’ மட்டும்தான். நான் கேட்டதும் அதை மட்டும்தான்.

வயிற்றை நெடுநேரம் பார்த்தார். ஸ்கேனைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய பச்சைத் தாளை வாங்கிக்கொண்டார்.

"எந்த அமைச்சகம்?" என்றார்.

தாளைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. பதினோரு கேள்விகளையும் படித்து, வரிசையாக ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். யார் செய்வார்கள் என்பது மூன்றாவது. நான்தான் என்றார், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், வேறு தேதி தருவேன். எட்டாவது கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, தாளிலிருந்து தலை தூக்கினார். தொப்புளில் எண்ணெய் விட்டதால் நோய் முற்றியதா என்பது அது. மகளுக்குத் தெரியாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், அவள் என்னைவிட நன்றாக ஆங்கிலம் படிப்பாள் என்பதை மறந்து.

எண்ணெய் ஒன்றும் செய்யாது என்றார். ஒரு நாள் தாமதம் கொஞ்சம் செய்திருக்கும். அடுத்த முறை வயிற்று வலி என்றால் சில மணி நேரத்துக்குள் யாரிடமாவது காட்டுங்கள். அவ்வளவுதான். அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒன்பதாவது கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கொஞ்சம் குறைவாகவும் இருந்தது.

நாற்பதாவது நாளுக்குத் தேதி கிடைத்தது.

அன்று காலை வார்டில் மகளைத் தயார் செய்ய வந்த செவிலியர் மலையாளி. தொப்புள் வழியாகத்தான் கருவி போகும் என்பதால் அதை நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டுமாம். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தார். குச்சியின் நுனி மஞ்சளாகப் பிசுபிசுத்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ண தேச்சோ?" என்றார். "ஆவணக்கெண்ணயல்லே இது?"

விளக்கெண்ணெய். நான் இல்லை, நான் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சீசாவைத் தொடவே இல்லை, அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டேன் என்று தமிழிலும் இந்தியிலுமாக உளறினேன். அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிடுவார்களோ, மறுபடி எண்ண வேண்டுமோ என்பதுதான் என் மனதில் ஓடியது.

"நான்தான்," என்றாள் மகள், கூரையைப் பார்த்தபடி.

எப்போது என்றேன்.

"டெய்லி. தூங்குறதுக்கு முன்னாடி. நீங்க போட்டீங்கல்ல, அப்போ நல்லா இருந்துச்சு. ஜில்லுனு." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு டர் லக் ரஹா தா, அம்மா. அதைப் போட்டா தூக்கம் வந்துச்சு."

அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. நாற்பது நாளும் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். என் பயம் வீடு முழுவதும் நிறைந்திருந்ததில், அவள் தன்னுடையதைப் போர்வைக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பின்னால் தள்ளிய சீசாவை அவள் தினமும் எடுத்து, தினமும் அதே இடத்தில் திருப்பி வைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை துடையுங்கள், சோப்பு போட்டு, என்றார். பிறகு மகளிடம், நேற்றிரவுமா போட்டாய் என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தூங்கினாயா? நன்றாக. "சலோ, டீக் ஹை," என்று போய்விட்டார்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் தாள் எதுவும் இல்லை. கோப்பை வீட்டிலேயே விட்டிருந்தேன். சிறிது நேரத்தில், அன்று லைனில் சுவரில் சாய்ந்திருந்த அந்த மூன்றாமவள், பச்சை உடுப்பும் தலைமூடியுமாகக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

"பலகை போட்டாச்சுமா," என்றாள். "ஏறிட்டாங்க."

கதவு சாத்திக்கொண்டது. எல்லாம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்கு மூலைகளையும் ஒரு கால் மிதித்துப் பார்ப்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முடிந்ததும் மறுபடி முதல் மூலை.

வீட்டுக்கு வந்த மறுநாளே அக்கா பாத்திரத்தைக்கூடத் தொடாமல் நேராக மகள் அறைக்குப் போனார். கட்டு இருக்கிறது, ஒன்றும் தெரியாது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள். பத்து நாள் கழித்து, ஒட்டியிருந்ததெல்லாம் எடுத்த பிறகுதான் அவருக்கு அனுமதி கிடைத்தது. பனியனைக் கொஞ்சம் தூக்கினாள். அடிவயிற்றில் சின்னதாக இரண்டு கோடுகள், தோலின் போக்கிலேயே. மூன்றாவதைத் தேட வேண்டியிருந்தது. அக்கா குனிந்து, விரல் படாமல் பார்த்துவிட்டு, என்னிடம் நிமிர்ந்து ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். அதற்கு மேல் சான்றிதழ் ஏதும் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு லைனில் யாரோ ஒருத்திக்குக் காட்ட இவளை அழைத்துப்போகலாமா என்றும் கேட்டார். "அச்சா, யோசிச்சு சொல்றேன்," என்றாள் மகள், பெரிய மனுஷி போல.

கடைசியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது நான் கேள்வி எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. மகள் ஒன்று கேட்டாள். மறுபடி எப்போது எண்ணெய் போட்டுக்கொள்ளலாம்? டாக்டரம்மா அதை மற்றக் கேள்விகளைப் போலவே எடுத்துக்கொண்டு யோசித்தார். இன்னும் இரண்டு வாரம் என்றார்.

இரண்டு வாரம் முடிந்த அன்று மாலை, அவள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து சீசாவைத் தானே எடுத்து வந்து, கூலருக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, என் பக்கம் நீட்டினாள். நான் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன். அது ஒழுகாமல் அப்படியே நின்றது. என் கை அவள் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

"வலி இல்லை அம்மா," என்றாள். "போடுங்க."

"எங்கே இல்லை?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து, இங்கே இல்லை, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினாள்.